சுவர் தாண்டிய கிருமி

மார்ச் 3

குத்தூசி ஆணியில் இல்லை. சின்னக் கிடாரிக்கு மூக்கு குத்திக் கயிறு போட்டுவிடலாம் என்று கையை நீட்டினால் வெறும் ஆணிதான் இடித்தது. “கழுவி வச்சிருக்கேன், காயுது” என்றாள் இவள். இரும்பு என்ன சட்டையா, கொடியில் போட்டுக் காயவைக்க? கேட்டேன். என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வீட்டில் நான் கேட்கும் கேள்விகளுக்கு அடுப்புதான் பதில் சொல்ல வேண்டும்.

கிடாரி இன்றைக்குத் தப்பித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் பெரிய எருமை காலையிலிருந்து படுத்த இடத்தை விட்டு எழவில்லை போலிருக்கிறது. அங்கே நடப்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். ஆனால் மூச்சு வாங்கும் சத்தத்துக்குச் சுவர் தெரியுமா?

மார்ச் 4

செத்துவிட்டது. நல்ல கறவை.

மார்ச் 5

டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. கூரைத் தகரத்தில் ஆணி தளர்ந்திருந்தது, ஏணி போட்டு ஏறினேன், கண்ணில் பட்டது. அவ்வளவுதான். கழுத்தில், வயிற்றில், இதயத்தைச் சுற்றிக்கூட வெளுத்த கட்டிகள். மாட்டுக்கு வரும் ரத்தப் புற்றுநோயாம், எருமைக்கும் வருமாம். கொண்டுவருவது ஒரு வைரஸ். ரத்தத்தின் வெள்ளை அணுவுக்குள் குடியேறிவிட்டால் அந்த மாடு சாகும்வரை காலி செய்யாது. முக்கால்வாசி மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது. கிருமியைச் சுமந்துகொண்டே கன்று போடும், பால் கறக்கும். எங்கோ ஒன்றிரண்டுக்குத்தான் கட்டி வரும். மருந்து இல்லை. தடுப்பூசி இல்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தலையில் நரை கூடியிருக்கிறது. ஏணியிலிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும்.

அந்தச் சுவரைக் கட்டியவன் நான்தான். அப்பா விட்டுப்போன ஒரே கொட்டகையை நடுவில் பிளந்து, என் கையாலேயே செங்கல் அடுக்கினேன். காரணம் இருக்கிறது. பால் சங்கத்துக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், இவன் எழுந்து, “எங்கண்ணன் எங்க எருமை வளர்க்கறார்? எருமைங்கதான் எங்கண்ணனை வளர்க்குது. அதான் எருமைக்கும் ஆளுக்கும் ஒரே குணம்” என்றான். சபையே சிரித்தது. பால் வேன் டிரைவர்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுக்குள் வாடகை கொடுக்காமல் இருக்கிறது. அன்றோடு பேச்சு முடிந்தது. பேச என்ன இருக்கிறது?

மார்ச் 13

சங்கத்து உறுப்பினர்கள் எல்லாருடைய மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். வேறு எந்தக் கொட்டகையிலும் கிருமி இல்லை. தம்பியிடம் மூன்று. என்னிடம் ஐந்து. கோணக்கொம்பி, பட்டாளம், மௌனி, கிழவி, கிழவியின் மகள்.

ஐந்தும் ஒன்றும் நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. கிழவியின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கட்டி இல்லை. மற்ற நான்கின் கழுத்தையும் தடவினேன். பட்டாளத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது, தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றுமில்லை போடி என்றேன்.

மார்ச் 15

சங்கத் தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மைக். எதிரில் ஒரே ஆள் இருந்தாலும் மைதானத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். இன்று நிஜமாகவே கூட்டம். கேட்க வேண்டுமா?

“பெரியவரே, விஷயம் எல்லாருக்கும் புரியுது. உங்ககிட்ட அஞ்சு, தம்பிகிட்ட மூணு. அதிகமா இருக்கிற இடத்திலேருந்துதானே குறைச்சலா இருக்கிற இடத்துக்குப் போகும்?”

“அது என்ன தண்ணியா, மேட்டுலேருந்து பள்ளத்துக்கு ஓட?” என்றேன்.

காய்ச்சினால் கிருமி செத்துப்போகும், பாலுக்குப் பயப்பட வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். மைக் காதில் ஏறவில்லை. வாங்குகிறவன் பயப்படுவானாம். என் பால் இனிமேல் வேண்டாம். என் எருமைகள் ஊரை விட்டே போக வேண்டும். தம்பி மட்டும் பாதிக்கப்பட்டவனாம், பாவமாம், மூன்றைத் தள்ளிக் கட்டினால் போதுமாம். ஏன், அவன் கொட்டகைப் பால் இல்லாவிட்டால் வேன் பாதி காலியாகப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதுதானே?

வந்ததே எனக்குக் கோபம். இந்த வைரஸில் பல வகை உண்டு, எழுத்து எழுத்தாகப் படித்துப் பிரிக்கலாம், பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் அதைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். எழுந்து நின்றேன். “கூப்பிடுங்க அந்தப் பொண்ணை. ரெண்டு கொட்டகைக் கிருமியும் ஒண்ணுதான்னு அவ சொல்லட்டும், என் எருமைங்களை என் கையாலயே அவுத்து விடறேன். வேற வேறன்னு வந்தா, தலைவர் என் வாசல்ல வந்து நின்னு தப்புன்னு சொல்லணும். மைக் இல்லாம!”

சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்காகச் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

தம்பி கடைசி வரிசையில் இருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவள் முகம் செத்துவிட்டது. “எதுக்குங்க அப்படி வாயை விட்டீங்க?”

“நடுவுல சுவர் இருக்குடி. என் எருமை அவன் எருமையை ஏறெடுத்துக்கூடப் பார்த்ததில்ல. ரெண்டும் ஒரே கிருமி எப்படி ஆகும்?”

உள்ளே போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கவனிக்கவில்லை.

மார்ச் 16

வழக்கம்போல் காலையில் பால் கேனை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். வேன் நிற்கவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். கேனைத் தூக்கி உள்ளே வைத்தேன். நாளைக்கும் வைப்பேன். அவன் எடுக்காதது அவன் இஷ்டம். வைப்பது என் இஷ்டம்.

பாலைக் காய்ச்சி உறையூற்றி வெண்ணெய் எடுக்கிறாள் இவள். வீடெல்லாம் மோர் வாசனை.

மார்ச் 21

ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். என் மகள் வயதுகூட இருக்காது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாணியில் சளக் சளக்கென்று நடந்தாள், மூக்கைச் சுளிக்கவில்லை. ஐந்துக்கும் ரத்தம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் புது ஊசி. பிறகு அந்தப் பக்கம் போய் அந்த மூன்றுக்கும் எடுத்தாள்.

முற்றத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். “ஐயா, இது ரத்தத்துல போற கிருமி. ஒரு சொட்டுகூட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். ஊசி, கொம்பு அறுக்கிற ரம்பம், சினை பார்க்கிற கையுறை... ரத்தம் பட்ட சாமான் எதையாவது ரெண்டு கொட்டகையும் சேர்ந்து பயன்படுத்துறீங்களா?”

“பேச்சுவார்த்தையே கிடையாதும்மா” என்றேன். “அவன் வீட்டுக் காக்காகூட என் கூரையில உட்காராது.”

சிரித்தாள். என் மனைவி எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். செம்பு நிறையத் தண்ணீர் அங்கேயே இருந்தது. இவளுக்கு வர வர ஞாபகம் போதவில்லை.

“கடிக்கிற ஈ?”

“அதுக்கு நான் சுவர் கட்ட முடியாது.”

“ஈ தூக்கிட்டுப் போகலாம். ஆனா பெரும்பாலும் ஒட்டி நிக்கிற மாட்டுக்குத்தான். சுவர் தாண்டிப் போறது கொஞ்சம் கஷ்டம்.”

அப்படிப் போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

போகும்போது ஒரு யோசனை சொன்னாள். கிருமி இருக்கிறது ஒரு கொட்டகை, இல்லாதது ஒரு கொட்டகை என்று பிரித்துவிட்டால் இல்லாதவற்றைக் காப்பாற்றிவிடலாமாம். கன்றுகளுக்குக் காய்ச்சிய பால்தான் கொடுக்க வேண்டுமாம். எல்லாம் சரி. என்னிடம் இருப்பது அரைக் கொட்டகை. இன்னொன்றை மேகத்திலா கட்டுவேன்?

ஏப்ரல் 9

அந்தப் பெண் தந்துவிட்டுப் போன கட்டுரையை ஒரு மாதிரி படித்து முடித்தேன். நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன்; அதனால் மூட்டைக்குப் பின்னால் எழுதியிருப்பதையும் விடாமல் படிக்கும் பழக்கம் உண்டு.

புரிந்தவரை இது: கிருமி என்பது ஒரு நீள எழுத்து. நான்கே நான்கு எழுத்துகளை வைத்து எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளத்துக்கு எழுதியது. மாட்டின் அணுவுக்குள் போய்த் தன் எழுத்தை மாட்டின் எழுத்துக்கு நடுவே செருகிவிடும். பிறகு அந்த அணு பெருகும்போதெல்லாம் இதுவும் கூடவே பெருகும். பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து தவறிவிடும். தவறியது அப்படியே தங்கி, அடுத்ததற்கும் போகும். ஒரே மாதிரி தவறியவற்றை ஒரு வகை என்கிறார்கள். அப்படிப் பத்துக்கு மேல் வகை. மற்ற சில வைரஸ்களைப் போல இது தினம் ஒரு வேஷம் போடுவதில்லை. மெதுவாகத்தான் மாறும்.

பிடிவாதக்காரக் கிருமி. எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது.

என் கொட்டகையில் இருப்பது ஒரு வகை. அவன் கொட்டகையில் இருப்பது வேறு வகை. இருந்தே தீர வேண்டும். மனுஷன் பேசாத இடத்தில் கிருமி மட்டும் கைகுலுக்குமா?

ஏப்ரல் 28

கேன் வைத்தேன். வேன் போயிற்று.

மே 10

மைக் தெருவில் எதிரே வந்தார். “என்ன பெரியவரே, முடிவு வந்துச்சா?” தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

“வரும். உங்களுக்கு என் வாசல் வழி தெரியும்ல?”

“தெரியும் தெரியும். எருமைங்களுக்கும் வெளியே போற வழி தெரிஞ்சா சரி.”

அவர் வீட்டு நாய்க்குக்கூட அதே குரல்தான்.

மே 23

ஐந்தின் கழுத்தையும் தடவினேன். கட்டி இல்லை. மௌனி சினை பிடித்திருக்கிறாள்.

ஜூன் 6

ஒன்று.

ஜூன் 7

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை.

சங்கத்து அறையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அந்தப் பெண் சொன்னாள். எட்டு எருமையிலும் ஒரே வகை. அதுமட்டும் என்றால் பெரிதில்லையாம், இந்த வகை பல ஊரில் உண்டாம். ஆனால் கிருமியின் மேலுறை எழுத்தில் ஓர் இடத்தில் ஒரு மாற்றம். மற்ற ஊர்களில் அவள் பார்த்த எந்த மாட்டிலும் எருமையிலும் அது இல்லை. என் கொட்டகையிலும் தம்பி கொட்டகையிலும் மட்டும் இருக்கிறது.

“ரத்தக் குப்பி மாறிப்போயிருக்கும்” என்றேன்.

“ரெண்டு தடவை பார்த்துட்டேன் ஐயா.”

“அப்போ அவன்கிட்டேருந்துதான் எனக்கு வந்திருக்கணும். செத்தது அவன் எருமை!”

“யார்கிட்டேருந்து யாருக்குன்னு இந்த எழுத்து சொல்லாது ஐயா. ரெண்டும் ஒரே வழியில வந்ததுன்னுதான் சொல்லும். நடுவுல ஏதோ ஒரு பாலம் இருக்கு.”

மைக் இருமினார். அந்த இருமலே ஒரு பேச்சாக இருந்தது. நான் யாரையும் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்!

பாலமாம். என்ன பாலம்? யார் கட்டிய பாலம்? நான் கட்டியது சுவர்.

இன்று மத்தியானம் கொட்டகையைக் கழுவிக்கொண்டே வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தை, நான்கு எழுத்தை, எல்லோரையும். நாளைக்கே போய் மறுபடி ரத்தம் எடு என்று உட்காரப் போகிறேன் என்றேன்.

“போகாதீங்க” என்றாள் இவள், பின்னாலிருந்து. “அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“உனக்கு என்னடி தெரியும்?”

“குத்தூசி.”

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. ஆணியைப் பார்த்தேன். அங்கேதான் தொங்கியது.

“சுவர் கட்டின வருஷத்துலேருந்து போயிட்டு வந்துட்டிருக்கு” என்றாள். “உங்க தம்பி பொண்டாட்டி சின்னவ அந்தப் பக்கத்துலேருந்து ‘அக்கா’ன்னு ஒரு குரல் குடுப்பா. சுவர் மேல வைப்பேன். மூக்கு குத்தினதும் கழுவித் திருப்பி வைப்பா. நானும் கழுவித்தான் மாட்டுவேன். பளபளன்னு இருக்கும். அதுல இப்படி ஒண்ணு ஒட்டிட்டிருக்கும்னு யார் கண்டா?”

“யாரைக் கேட்டுக் குடுத்த?”

“யாரைக் கேட்கணும்? நீங்க ரெண்டு பேரும் சமாதானமாகிற வரைக்கும் கிடாரி மூக்கு காத்திருக்குமா?”

“கடையில விக்கிறான். அவனுக்கு வாங்கத் துப்பில்லையா?”

“வாங்கினார். உங்கப்பா செஞ்சது மாதிரி வராதாம்.”

அந்தக் குத்தூசியின் கைப்பிடி அப்பா எருமைக் கொம்பில் இழைத்தது. பாகம் பிரித்தபோது வாளி, சங்கிலி, மண்வெட்டி எல்லாம் ஆளுக்குப் பாதி. குத்தூசி ஒன்றுதான் இருந்தது. மூத்தவன் நான், எனக்கு என்று எடுத்துக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இந்தப் பெண்கள் இருவரும்—

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாம? கையில வாங்கினதும் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பாராம். எப்படி வந்துச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்லையாம். வேலை முடிஞ்சதும், ‘இருந்த இடத்துல வச்சிடு’ன்னு மட்டும் சொல்வாராம்.”

“இதை நீ மார்ச்சுலயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்றதுக்குள்ள நீங்க சபையில சவால் விட்டுட்டு வந்து நின்னீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? ஒரு வார்த்தை முன்னாடி கேட்டிருக்கணும்.”

சாணி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தப்பு செய்தவள் மாதிரி நடக்கவும் இல்லை!

ஜூன் 8

இவளோடு பேசவில்லை.

ஜூன் 9

இவளோடு பேசவில்லை. உப்பு குறைவாக இருந்தது, சொல்ல முடியவில்லை.

ஜூன் 10

இத்தனை வருஷம் ஒருவனோடு பேசாமல் இருந்தாகிவிட்டது. இன்னொருத்தியோடும் பேசாமல் இருக்க இந்தக் கொட்டகையில் இடம் இல்லை. சுவர் கட்டுவதானால் இனி என் தலைக்குள்தான் கட்ட வேண்டும்.

உப்புப் போடு என்றேன். போட்டாள்.

ஜூன் 12

மைக் வந்தார். சர்க்கரை தடவிப் பேசினார். “வாக்குத் தவறாதவர்னு உங்களை ஊருக்கே தெரியும். எட்டு நாளுக்குள்ள லாரி ஏற்பாடு பண்ணித் தரேன். பன்னிரண்டையும் ஏத்திடலாம்.”

“பன்னிரண்டா? அஞ்சுலதானே கிருமி?”

“மந்தையையே அவுத்து விடறேன்னு நீங்கதானே சொன்னீங்க பெரியவரே.”

சொன்னேன். சபையில் சொன்னேன். முழு மந்தையையும்தான் சொன்னேன். அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் மௌனி சினையாக இருக்கிறாள். கிழவி லாரியில் நிற்க மாட்டாள். யாரிடம் போகும்? எங்கே போகும்? எனக்குத் தெரியாதா எங்கே போகும் என்று! கிருமி உள்ள எருமையை ஊர்விட்டு ஊர் வாங்குகிறவன் பாலுக்கா வாங்குவான்?

“நாளைக்குக் காலையில வாங்க. உங்க கண்ணு முன்னால அவுக்கறேன்” என்றேன். “லாரி வேண்டாம்.”

அவர் போனதும் அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். ஒரே ஒரு கேள்வி. ஒரு பக்கம் முழுக்கக் கிருமி உள்ளது, இன்னொரு பக்கம் முழுக்க இல்லாதது, நடுவில் ஆளுயரச் சுவர். போதுமா?

“ரொம்ப நல்லது ஐயா. சாமான் மட்டும் இந்தப் பக்கத்துது அந்தப் பக்கம் போகக் கூடாது. சுவர் இருக்கட்டும், இடிச்சிடாதீங்க.”

சுவர் இருக்கட்டும் என்று படித்தவள் ஒருத்தி சொல்லிவிட்டாள். அதுவரையில் எனக்கு வெற்றிதான்.

இவளைக் கூப்பிட்டேன். “சின்னவகிட்ட சொல்லு. அவ புருஷன்கிட்ட சொல்லச் சொல்லு” என்று ஆரம்பித்தேன்.

“நீங்களே சொன்னா என்ன?”

“நீதான் சுவர் மேல சாமான் அனுப்பிப் பழக்கப்பட்டவ.”

சிரித்தாள் பாவி. எத்தனை நாளைக்கு அப்புறம்.

ஜூன் 13

விடிந்ததும் கடப்பாரையை எடுத்தேன். முழுச் சுவர் இல்லை. ஒரு எருமை நுழையும் அகலம், அவ்வளவுதான். என் கை வைத்த செங்கல், என் கைக்கே இவ்வளவு முரண்டு பிடித்தது. அந்தக் காலத்தில் சிமெண்டைத் தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன். கோபம் அப்படி. பாதி போனபோது அந்தப் பக்கமிருந்தும் ஒரு கடப்பாரைச் சத்தம். நான் நிறுத்தினேன். அதுவும் நின்றது. நான் அடித்தேன். அதுவும் அடித்தது. நடுவில் கல் உதிர்ந்து வெளிச்சம் வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால்தான் தெரிந்தது.

மைக் சங்கத்து ஆட்கள் நாலு பேரோடும் டாக்டரோடும் வந்தார். அவர்கள் கண் முன்னால் என் நல்ல எருமைகள் ஏழையும் அவிழ்த்துச் சந்து வழியாக அந்தப் பக்கம் விட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று எருமைகள் இந்தப் பக்கம் வந்தன. கடைசியாக வந்தது ஒரு முரட்டுப் பிறவி, வந்ததும் என் தண்ணீர்த் தொட்டியை முட்டியது. பெயர் ராட்சசியாம்.

“இது என்ன பெரியவரே கண்ணாமூச்சி?” என்றார் மைக். “மந்தையை அவுத்து விடறேன்னீங்க.”

“சொன்னேன். என் வாய் சொன்னதுக்கு என் கை ஏழு எருமையை அவுத்துடுச்சு. இனி அதுங்க என் கொட்டகையில இல்ல. இந்த அஞ்சு போகணும்னா எட்டும் போகணும். ஒரே கிருமின்னு நீங்கதான் கூட்டம் போட்டுக் கேட்டீங்க. குடுத்தவன் இவன், வாங்கினவன் அவன்னு பிரிக்க அந்த எழுத்துல இடம் இல்ல. அவன் மூணையும் சேர்த்துக் கேளுங்க. கேட்க தைரியம் இருக்கா?”

மைக் சந்து வழியாக அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே தம்பி என் ஏழு எருமைகளையும் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்: “எட்டும் எங்கேயும் போகாது தலைவரே. போகணும்னா என் பாலும் வராது.”

சபையில் அன்றைக்கு என்னைப் பற்றிச் சொன்ன அதே குரல். கொஞ்சம் கரகரப்பு.

டாக்டர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, “நாங்க சொல்ல வந்ததுக்கு மேலயே பண்ணிட்டாங்க” என்றார். மைக் ஏதோ பேச ஆரம்பித்தார். நான் சந்துக்குப் பலகைக் கதவு அறைய ஆரம்பித்தேன். சுத்தியல் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மைக்கை வெல்ல ஒரே வழி அதுதான்.

என் வாசலில் வந்து தப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்குப்படி தோற்றது நான்தானே. ஆனால் தோற்றவன் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

ஜூன் 16

சாமான் மாறக் கூடாது என்று அந்தப் பெண் மறுபடி எழுதியிருக்கிறாள். வாளி, கயிறு, ஊசி எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் தனி. என் கை அந்தப் பக்கத்து எருமைகளிடம் போகாது, அவன் கை இந்தப் பக்கம் வராது. பால் கேனை மட்டும் பெண்கள் இருவரும் வாசல் வழியாக மாற்றிக்கொள்கிறார்கள்.

குத்தூசி?

இந்தப் பக்கம் இருப்பவை எல்லாம் மூக்கு குத்தி முடித்த எருமைகள். இனி மூக்கு குத்த வேண்டிய கிடாரிகள் அந்தப் பக்கம்தான் வளரும்.

காலை முழுக்க யோசித்தேன். பிறகு குண்டான் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அது கொதிக்கிறவரை அடுப்படியை விட்டு நகரவில்லை. கொம்புக் கைப்பிடி வெந்நீரில் கொஞ்சம் நிறம் வெளுத்துவிட்டது. இவள் பக்கத்தில் வந்து நின்றாள். துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

“எங்கே வைக்கட்டும்?” என்றாள்.

“அங்கேயே இருக்கட்டும். திருப்பி வாங்காத.”

ஆணியைப் பிடுங்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஜூன் 22

என் பக்கத்துப் பாலை எடுக்க மாட்டோம், தம்பி பக்கம் மட்டும் என்று சங்கத்திலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். வேனில் போகிற பால் மொத்தமும் ஆலையில் காய்ச்சித்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். தெரிந்தும் முரண்டு. சரி, முரண்டில் நான் அவர்களுக்குப் பெரியப்பன். கேனைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன்.

பக்கத்தில் இன்னொரு கேன் இருந்தது. சின்னவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். டிரைவர் இறங்கினான். “ரெண்டையும் எடுக்கறதா இருந்தா எடு. இல்லேன்னா வண்டியை விடு” என்றாள். அவன் வண்டியை விட்டான்.

“வெயில்ல நிக்காதீங்க மாமா” என்றாள் என்னிடம், கேனைத் தூக்கிக்கொண்டு.

ஜூன் 23

இரண்டு கேன். வேன் போயிற்று. வீட்டில் வெண்ணெய் வைக்கப் பாத்திரம் இல்லை.

ஜூன் 25

இரண்டு கேனையும் எடுத்துக்கொண்டான். “தலைவர் சொல்லச் சொன்னார்...” என்று இழுத்தான். “ஊருக்கே கேட்கிற மாதிரிக் குரல் இருக்கு அவருக்கு, அவரே சொல்லட்டும்” என்று அனுப்பிவிட்டேன்.

எட்டின் கழுத்தையும் தடவினேன். கட்டி இல்லை. ராட்சசி தடவ விடவில்லை, தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஜூலை 4

ராட்சசி இன்றும் வாளியை உதைத்தாள். இது எத்தனையாவது தடவையோ. முழங்காலில் பட்டு வீங்கிவிட்டது. பால் முழுக்கத் தரையில். வந்த ஆத்திரத்தில் வாய்விட்டே சொன்னேன்: “எவன் வளர்த்தானோ அவன் புத்திதான் உனக்கும். எருமைக்கும் ஆளுக்கும் ஒரே குணம்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் பால் பீச்சும் சத்தம் நின்றது. ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கு வழியாக வரும் சிரிப்பு. சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கும்போதும் இவன் இப்படித்தான் சிரிப்பான், அதற்காக இன்னொரு அடி வாங்குவான்.

பிறகு குரல். யாரையும் கூப்பிடவில்லை. எருமைக்குச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

“அவளுக்குச் சோத்தாங்கைப் பக்கம் உட்காரணும். இந்தப் பக்கம் உட்கார்ந்தா எவனா இருந்தாலும் உதைப்பா.”

முக்காலியைத் தூக்கி வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். பால் இறங்கியது.